தலையணைக்குள் நான்கு செல்

அருள்,

உன் பெட்டி இன்னும் கட்டில்மேல் திறந்தபடியே கிடக்கிறது. என்னென்ன வைத்தாய் என்று கேட்டால், "எல்லாம் போன்ல எழுதி வச்சிகீறேம்மா" என்கிறாய். நேற்று சாயங்காலம் வாசலில் உன் நண்பன் கேட்டதும் என் காதில் விழுந்தது. "அவனவன் துபாய்க்குப் போறான். நீ இன்னாத்துக்கு மச்சான் கேஸுக்கு க்யூல நிக்கிற நாட்டுக்குப் போற?" நீ சிரித்து மழுப்பிவிட்டாய். அடுக்களையில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்த எனக்குப் பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாயைத் திறந்திருந்தால் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும், அதில் முக்கால் மணி நீ போனைப் பார்த்துக்கொண்டிருப்பாய். அதனால்தான் எழுதுகிறேன். காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொள். விமானத்தில் போன் எடுக்காது.

யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடக் கூரைகளில் சூரியத் தகடு பொருத்தும் வேலைக்கு மூன்று வருடம் போகிறாய். அங்கே பஸ் நிலையத்தில் உன்னை அழைத்துப்போக மைதிலி அத்தை வருவாள் என்பது உனக்குத் தெரியும். அவள் என் சிநேகிதி கௌரியின் தங்கை என்பதும் தெரியும். ஆனால் நான் அவளுக்குச் செய்த தவறு உனக்குத் தெரியாது. அவளே சொன்னால் சிரித்துக்கொண்டு பாதியை விட்டுவிடுவாள். முழுக்க என்னிடமிருந்தே கேட்டுக்கொள்.

அப்போது நான் செங்கல்பட்டில் பெண்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. நூலகத்தில் பேப்பரை முதல் வரி முதல் கடைசி வரி வரை படிக்கிற பெண், படித்ததை எல்லாருக்கும் சொல்கிற பெண். அந்த வருடப் பேச்சுப் போட்டியில் 'பொருளாதாரத் தடை' என்று ஒரு தலைப்பு. மற்றவர்கள் எல்லாம் மரம் வளர்ப்பையும் சேமிப்பையும் எடுத்துக்கொள்ள, நான் மட்டும் அதை எடுத்தேன். ஒரு நாட்டையோ ஒரு பகுதியையோ வழிக்குக் கொண்டுவரக் குண்டு வேண்டாம், சாமானை நிறுத்தினால் போதும், இது ஒரு துளி ரத்தமும் சிந்தாத போர் என்று கையை வீசிப் பேசினேன். முதல் பரிசு கிடைத்தது. ஒரு பெரிய அட்லஸ். உன் தாத்தா கல்பாக்கத்தில் ஒரு பணிமனையில் ஃபிட்டர். வேலை முடிந்து வந்து அட்லஸைப் புரட்டிப் பார்த்தவர், "கரெக்டாத்தான் சொல்லிகீற. சாமான் வரல்லன்னா எவனா இருந்தாலும் வழிக்கு வந்துதான ஆவணும்" என்றார். நான் இன்னும் ஓர் அங்குலம் வளர்ந்தேன். மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரே ஒரு பெண் மட்டும் கைதட்டவில்லை. அவள்தான் கௌரி.

கௌரிக்கு இதயத்தில் ஓட்டை. சிகிச்சைக்காக அவளை அவள் அம்மா தேவி அன்ரி யாழ்ப்பாணத்திலிருந்து கிளம்பி விமானத்தில் மெட்ராசுக்கு அழைத்து வந்திருந்தார். இரண்டு மாதத்தில் திரும்பிவிடலாம் என்றுதான் வந்தார்கள். அதற்குள் அங்கே சண்டை பெரிதாகிவிட்டது. மெட்ராஸ் வாடகை கட்டுப்படியாகாமல் எங்கள் தெருவில் ஒரு போர்ஷன் பிடித்து, விசாவைப் புதுப்பித்துப் புதுப்பித்து மூன்று வருடமாக இருந்தார்கள். கௌரியின் அப்பா அங்கே பள்ளி ஆசிரியர். நான்கு வயதில் அவரிடம் விட்டுவந்த மைதிலிக்கு இப்போது ஏழு வயது. போட்டி முடிந்த மறுநாள் கௌரி என்னிடம் வந்து, சண்டை போடாமல், ஒரு கடிதத்தைக் கொடுத்து, "வாசி" என்றாள். அவள் அப்பா எழுதியது. வடக்கே போகிற சாமான்களை அந்த நாட்டு அரசாங்கம் நிறுத்தியிருந்தது. சவர்க்காரம் கிடைக்காததால் பனம்பழத்தைப் பிசைந்து துணி துவைக்கிறார்கள். மண்ணெண்ணெய் இல்லாததால் ஜாம் போத்தலுக்குள் சொட்டு எண்ணெய் விட்டுத் திரி போட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள். கடைசிப் பத்தியில் மைதிலி. அவளுக்குப் பிறவியிலேயே காது மந்தம். நெஞ்சில் தொங்குகிற ஒரு சின்னப் பெட்டியும், அதிலிருந்து காதுக்குப் போகிற ஒயரும் இருந்தால்தான் கேட்கும். அந்தப் பெட்டிக்கு ஒரு பென்சில் செல் போட வேண்டும். அங்கே செல்லும் தடை.

அந்த அப்பா என்ன செய்தார் தெரியுமா? தீர்ந்துபோன செல்களை அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கி வந்து வெயிலில் காயவைத்தார். காய்ந்த செல்லுக்குப் பத்து நிமிட உயிர் வரும். அந்தப் பத்து நிமிடத்தில் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு பாடம் வாசிப்பார். பிறகு பெட்டியைக் கழற்றி வைத்துவிடுவார். 'இப்ப வெயிலில வைச்சாலும் உயிர் வருதில்லை. பிள்ளை கதைக்கிறதையும் மறந்துகொண்டு வருகிறாள்' என்று கடிதம் முடிந்திருந்தது. நான் அதை மூன்று முறை வாசித்தேன். என் பேச்சில் சாமான் என்று சொன்னபோது நான் நினைத்தது பெட்ரோலையும் சிமெண்டையும்தான், அருள். ஒரு ஏழு வயதுப் பெண்ணின் காது அந்தப் பட்டியலில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த மாதம் பள்ளியில் மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா கூட்டிப்போனார்கள். கடற்கரைக் கோயிலுக்குப் பின்னால் பாறைமேல் ஏறி கௌரி கடலைப் பார்த்துக் கையசைத்தாள். நான் பையிலிருந்து அட்லஸை எடுத்தேன். ஆமாம், சுற்றுலாவுக்கும் அதைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். "கௌரி, நேரா போனா அந்தமான் வரும். யாழ்ப்பாணம் உன் வலது தோள் பக்கம்" என்றேன். அவள் என்னை முறைத்தாள். பிறகு உடம்பையே திருப்பிக்கொண்டு மறுபடி கையசைத்தாள். "இதிலயும் நீ சரியாத்தான் சொல்லோணும் என்ன?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சரியாகச் சொல்வது என்ற அந்தப் பழக்கம்தான் அடுத்த மாதம் அவளை அழவைக்கப் போகிறது என்று அப்போது இரண்டு பேருக்கும் தெரியாது.

தேவி அன்ரி கொழும்பு வழியாக ஊருக்குப் போய் மைதிலியைப் பார்த்துவரத் தீர்மானித்தார். வடக்கே போகிறவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பையில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் எழுதிக் கையோடு கொண்டுபோவார்கள். வழியில் ராணுவச் சாவடியில் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சரி போடுவார்கள். என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும், இங்கிலீஷும் பிழையில்லாமல் எழுதுவேன் என்று அன்ரி அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். புடவை, பால்மா, மாத்திரை, சீப்பு என்று கோடு போட்டு எண் போட்டு எழுதினேன். இடையில் அன்ரி ஒரு சின்னத் தலையணையைப் பிரித்து, பஞ்சுக்குள் நான்கு பென்சில் செல் வைத்துத் தைப்பதைப் பார்த்தேன். வழியில் இருக்கிற கடற்கழியைப் படகில் கடக்கும்போது நனையாமல் இருக்கத்தான் அப்படி வைக்கிறார் என்று நினைத்தேன். கடிதத்தில் தடை என்று படித்தவள்தான், ஆனால் ஒரு தாய் தன் குழந்தையின் காதுக்காக நான்கு செல் கொண்டுபோனால் சொல்லிவிட்டுக் கொண்டுபோகலாம் என்றே என் மனது நம்பியது. பட்டியலைச் சரிபார்த்தபோது அது விட்டுப்போயிருந்தது. தலையணை என்ற வரிக்குக் கீழே அழகாகச் சேர்த்தேன். 'செல் நான்கு, தலையணைக்குள்.' தமிழில் ஒரு முறை, இங்கிலீஷில் ஒரு முறை. அன்ரி என்மேல் இருந்த நம்பிக்கையில் வாசித்துப் பார்க்காமலே மடித்துப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து அவர் திரும்பி வந்தார். மைதிலியைப் பார்க்காமல் வந்தார். சாவடியில் ஒரு சிப்பாய் பட்டியலை வாசித்துக்கொண்டே வந்து, அந்த வரியில் நின்று, தலையணையை எடுத்துக் கத்தரித்திருக்கிறான். மூன்று நாள் உட்காரவைத்துக் கேள்வி கேட்டுவிட்டுக் கொழும்புக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நடந்ததைக் கேட்டு நான் அவர்கள் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். அன்ரி என்னைப் பார்த்துச் சொன்னார், "எழுத்து வடிவாத்தான் இருந்தது பிள்ளை. ஆமிக்காரனும் சொன்னவன்." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கௌரிதான் திட்டினாள். "உன்ர நேர்மையைக் கொண்டுபோய் உன்ர பரீட்சைத்தாளில எழுது" என்றாள். அதன்பிறகு அவள் வேறு பெஞ்சுக்கு மாறிக்கொண்டாள்.

அருள், நீயும் என்னைப் போலத்தான். தப்புச் செய்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாய். நானும் நான்கு நாள் அப்படித்தான் படுத்திருந்தேன். ஐந்தாம் நாள் எனக்கே எரிச்சல் வந்துவிட்டது. நான் அழுவதால் மைதிலிக்கு ஒரு சத்தம்கூடக் கேட்கப்போவதில்லையே. எனக்குத் தெரிந்தது எழுதுவது ஒன்றுதான். எழுதிக் கெடுத்ததை எழுதித்தான் சரிசெய்ய வேண்டும் என்று எழுந்தேன். மருந்துக்குத் தடை இல்லை, நிவாரண அமைப்பின் கப்பலில் மருந்து வடக்கே போய்க்கொண்டிருக்கிறது என்று பேப்பரில் படித்திருந்தேன். அப்படியென்றால் செல் சாமானா, மருந்தா? அன்ரியிடம் போய், மைதிலிக்குச் சின்ன வயதில் கொழும்பில் எடுத்த காதுப் பரிசோதனைத் தாளைக் கேட்டேன். அவர் டிரங்குப் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார்.

அதை எடுத்துக்கொண்டு பஜாரில் ஒரு காது டாக்டரம்மாவின் கிளினிக்குக்குத் தனியாகப் போனேன். கூட்டம் முடிகிறவரை காத்திருந்தேன். "யாருக்கு காது வலி?" என்றார். "இங்க இல்ல டாக்டர், யாழ்ப்பாணத்துல" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். எல்லாவற்றையும் சொன்னேன், பட்டியலையும் சேர்த்துத்தான். அவர் சிரிக்கவில்லை. "பேஷண்ட பாக்காம நான் எப்டிமா மருந்து எழுதறது?" என்றார். பரிசோதனைத் தாளை நீட்டினேன். விளக்குக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தார். "இந்தக் கொழந்தைக்கு அந்தப் பெட்டி இல்லன்னா, ரோட்ல பின்னால வண்டி வந்தாக்கூட தெரியாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு மருந்துச் சீட்டை இழுத்து எழுதினார். மருந்து: பென்சில் செல். அளவு: வாரம் ஒன்று. எவ்வளவு நாளைக்கு: ஆயுள் முழுவதும். கீழே கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். "பொய் எழுதலம்மா. அவளுக்கு இதுதான் மருந்து. இத ஒளிச்சு அனுப்பாத, எல்லாருக்கும் காட்டு" என்றார்.

அந்தச் சீட்டைப் பிரதி எடுத்து, என் அச்சுக் கையெழுத்தில் ஒரு விண்ணப்பம் எழுதி, நிவாரண அமைப்பின் கொழும்பு அலுவலகத்துக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. மறுபடி எழுதினேன். இது எங்கள் பொறுப்பில் வராது என்று இரண்டு வரி வந்தது. ஏன் வரும் என்று நான்கு பக்கம் எழுதினேன். கௌரி ஒரு நாள் என் பெஞ்சுக்குத் திரும்பி வந்து, உறையில் முகவரி எழுத ஆரம்பித்தாள். பொங்கல் போய், முழுப்பரீட்சையும் முடிந்தது. ஆறாவது கடிதத்துக்கு ஒரு பதில் வந்தது. காது கருவிக்கான செல்கள் மருத்துவப் பொருளாக ஏற்கப்பட்டு, அடுத்த கப்பலில் அனுப்பப்படும். இந்தக் குழந்தைக்கு மட்டுமல்ல, பட்டியலில் பெயர் வரும் எல்லாக் குழந்தைகளுக்கும். அந்தக் கடைசி வாக்கியத்தைக் கௌரி சத்தமாக வாசித்தாள். அன்ரி, "இன்னொருக்கா வாசி" என்றார். வாசித்தாள். "இன்னொருக்கா." அன்றைக்கு எங்கள் தெரு முழுக்க அந்த வாக்கியத்தைக் கேட்டது.

யாழ்ப்பாணத்திலிருந்து கடிதம் வந்தபோது கோடை விடுமுறை. செல் போட்ட முதல் நாள் மைதிலி அடுக்களையை விட்டு நகரவில்லையாம். அப்பா கடுகு தாளித்தார். 'அது என்ன, அது என்ன' என்று கேட்டு, சட்டியிலிருந்து வருகிற சத்தம் என்று தெரிந்ததும் திரும்பத் திரும்பத் தாளிக்கச் சொன்னாளாம். இருந்த கொஞ்சக் கடுகும் அன்றைக்கே தீர்ந்துபோயிற்று என்று எழுதியிருந்தார். கடிதத்தின் அடியில் கோணல் எழுத்தில் மைதிலியே ஒரு வரி எழுதியிருந்தாள். 'அக்காவுக்கு, எனக்குக் கேட்குது.' அருள், நான் வாங்கிய பரிசுகள் எல்லாம் பரணில் கிடக்கின்றன. அந்த வரி மட்டும் என் நகைப்பெட்டியில் இருக்கிறது.

உன் தாத்தாவின் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருடம் நம் நாடு பொக்ரானில் குண்டு வெடித்துப் பார்த்தது. வெளிநாடுகள் நம்மேல் தடை போட்டன. தாத்தாவின் பணிமனைக்கு வர வேண்டிய ஒரு வால்வு வரவில்லை. அவரும் கூட்டாளிகளும் ஏழு மாதம் கடைந்து கடைந்து உடைத்து, கடைசியில் தாங்களே ஒன்று செய்துவிட்டார்கள். அன்றைக்கு அவர் வீட்டுக்குள் நுழைந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். "குடுக்க மாட்டேன்னா நாங்க செத்தா பூட்டோம்? நாங்களே பண்ணிகினோம்" என்று சட்டையைக்கூடக் கழற்றாமல் மூன்று முறை சொன்னார். நான், "சாமான் வரல்லன்னா எவனா இருந்தாலும் வழிக்கு வருவான்னு சொன்னீங்களேப்பா" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். கை கழுவப் போனார். சாப்பிட்டு முடித்துவிட்டு, "நம்மகிட்ட லேத் கீது, கடைஞ்சிகினோம். அந்தப் பாப்பா எதைக் கடையும்?" என்றார்.

அதற்கு நான்கு வருடம் கழித்து அங்கே போர் நிறுத்தம் வந்தது. தடை தளர்ந்தது, வருடக்கணக்கில் மூடிக்கிடந்த பாதை திறந்தது. இடையில் அன்ரி கப்பலில் இடம் கேட்டு எழுதியதெல்லாம் வீணாகப் போயிருந்தது. கௌரியின் இதயம் தேறிவிட்டது, தாயும் மகளும் இனி ஊருக்கே போகிறார்கள். நானும் கூடப் போவதாக இருந்தேன், ஆனால் நீ என் வயிற்றில் ஏழு மாதம். அன்ரி பட்டியல் எழுத ஒரு தாளை நீட்டினார். பேனா மூடியைத் திறந்தேன். "வடிவா எழுது பிள்ளை. ஆமிக்காரன் வாசிக்கோணும்" என்றார். எல்லாரும் சிரித்தோம். உன் தாத்தா ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். முழுக்கப் பென்சில் செல். "மொதல்ல இத எழுதுமா" என்றார். எழுதினேன். ஒன்று: செல் நூறு. தலையணைக்குள் அல்ல, பைக்கு மேலேயே.

மூன்று நாள் கழித்து டெலிபோன் பூத்திலிருந்து அன்ரி கூப்பிட்டார். இந்த முறை படகு இல்லை, பஸ். ஆனால் அதே மாதிரிச் சாவடி. சிப்பாய் பட்டியலை வாங்கி முதல் வரியை வாசித்துவிட்டு, இவ்வளவு எதற்கு என்று கேட்டானாம். அன்ரி மகளின் காதுக்கு என்று சொல்லி, அந்தப் பழைய மருந்துச் சீட்டையும் எடுத்துக் காட்டினாராம். அவன் 'ஆயுள் முழுவதும்' என்ற இடத்தைக் கௌரியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, பெட்டியைத் தானே தூக்கிப் பஸ்ஸில் வைத்தானாம். "வீட்டுக்குப் போனன் பிள்ளை. பின் வளவில மைதிலி முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டவள். நான் கூப்பிடேல்ல. வாசல் படலை திறந்த சத்தத்துக்கே திரும்பிட்டாள்" என்றார். பதினோரு வருடம் கழித்து. நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ வயிற்றுக்குள் ஓங்கி ஓர் உதை விட்டாய்.

இதனால்தான் உன் நண்பனுக்குப் பதில் சொல்லத் துடித்தேன். க்யூவில் நிற்கிற நாடு என்று அவன் சொல்வது உண்மைதான். இந்த முறை யாரும் தடை போடவில்லை, வெளியிலிருந்து சாமான் வாங்க அவர்களிடம் வழியில்லாமல் போனது. நிற்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான். நீ அங்கே போய் எங்கள் நாட்டில் எல்லாம் கிடைக்கும் என்று பெருமை பேசாதே. எதற்கு நிற்கிறார்கள் என்று க்யூவில் நிற்பவரிடமே கேள். என்னைப் போலப் பேப்பரில் படித்ததை மேடையில் பேசிவிட்டுப் பிறகு கற்றுக்கொள்ளாதே. தப்பாக ஏதாவது செய்துவிட்டால் நான்கு நாளுக்குமேல் படுக்காதே. ஐந்தாம் நாள் எழுந்துவிடு.

மைதிலி அத்தை இப்போது காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் ஆசிரியை. நீ தகடு பொருத்தப் போகிற கூரைகளில் அவள் பள்ளிக் கூரையும் ஒன்று. அங்கே இப்போது காது கருவிக்கான பொத்தான் செல் சரியாகக் கிடைப்பதில்லை என்று போன மாதம் சொன்னாள். உன் கைப்பையில் வைத்திருக்கிறேன், பெட்டியில் அல்ல. விமானத்தில் செல்லைக் கையோடுதான் கொண்டுபோக வேண்டும் என்று படித்தேன். உன் போனில் இருக்கிற பட்டியல் இருக்கட்டும், நானும் ஒன்று எழுதிக் கோடு போட்டு எண் போட்டு இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். யாராவது பையைத் திறக்கச் சொன்னால் தயங்காமல் திற. இது என்ன என்று கேட்டால் தாளை நீட்டு. தேட வேண்டியதில்லை, முதல் வரியிலேயே இருக்கிறது.

அம்மா